பள்ளிக்கூடக் கூரையும் கல்நார்த் தூசியும்

(சென்ற ஆண்டு நம் சங்கத்தின் கூடுகையில் நான் பேசியதன் எழுத்து வடிவம். நேரமில்லாமல் மேடையில் விட்டுப்போன சில விவரங்களையும், கடைசியில் ஒரு பின்குறிப்பையும் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் அண்ணன் ஒரு மாதத்துக்கு முன் போனில் கூப்பிட்டு, "இங்கிலாந்துல என்னப்பா வேலை பாக்குற? அதைப் பத்தி அரை மணி நேரம் பேசு" என்றார். "ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கிற வேலைண்ணே, பெரும்பாலும் பள்ளிக்கூடங்கள்ல" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "ஷீட்டு கழட்டுறதா? அதுக்கா சிவில் படிச்சே?"

அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. 2010-இல் என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். கேட்டதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் செய்தது வேறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இன்று நான் பேசுவதெல்லாம் ஊருக்கு உபதேசமாகிவிடும்.

2009-இல் இங்கே படிப்பை முடித்துவிட்டு ஒரு கட்டட காண்ட்ராக்டரிடம் சைட் என்ஜினீயராகச் சேர்ந்தேன். மறுவருடம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை. ஊர் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். இரண்டு வகுப்பறைக்குப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. முப்பது வருட ஷீட். அதை இறக்கிவிட்டு கான்கிரீட் தளம் போட வேண்டும். பள்ளி நடந்துகொண்டிருந்த சமயம். இறக்கும் வேலைக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாள்தான் கொடுத்தார்கள். ஷீட்டைப் பிடித்திருந்த ஜே போல்ட்டுகள் எல்லாம் துருப்பிடித்து, மரையே தெரியாமல் கிடந்தன. மேஸ்திரி கீழே இறங்கி வந்து, "சார், கழட்டி இறக்கவா, உடைச்சு இறக்கவா?" என்று கேட்டார். அனுபவஸ்தர். அவர் என்னைக் கேட்டது மரியாதைக்குத்தான். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உடைச்சிருங்க" என்றேன்.

சம்மட்டியால் உடைத்தார்கள். ஒரு நாளில் முடிந்துவிட்டது. பெரிய துண்டுகளை டிராக்டரில் ஏற்றி, பள்ளிக்குப் போகும் வழியில் மழைக்காலத்தில் சேறாகும் ஒரு பள்ளத்தில் கொட்டி மட்டம் செய்தோம். ஊரில் நல்ல பேர் கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஹெச்.எம். எட்டாம் வகுப்புப் பையன்களைக் கூப்பிட்டு, சிதறிக் கிடந்த சில்லுகளைப் பொறுக்கச் சொன்னார். பெண் பிள்ளைகள் தென்னந்துடைப்பத்தால் கூட்டினார்கள். காலை வெயில் சாய்வாக விழுந்ததில் அந்தத் தூசி ஒரு திரை மாதிரி நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் டீ கிளாஸோடு ஓரமாக நின்று, பரவாயில்லையே, சுறுசுறுப்பான பிள்ளைகள் என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளைகள் இப்போது முப்பதை நெருங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் தூசிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் தொழில்முறைக் கணக்கு சொல்லும். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவன்தான் நான். ஆனாலும் மனசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

கல்நார் என்று தமிழில் அழகான பேர் வைத்திருக்கிறோம். கல்லிலிருந்து உரித்த நார். தீயில் எரியாது, மக்காது, அமிலத்துக்கும் எளிதில் அசையாது. சிமெண்டோடு சேர்த்தால் ஷீட், ஜிப்ஸம் பலகை மாதிரிச் செய்தால் தடுப்புச் சுவர், கொதிகலன் குழாய்க்குச் சுற்றினால் சூடு வெளியே போகாது. குறை என்னவென்றால், அதை உடைத்தால் குறுக்காக முறியாமல் நெடுக்காகப் பிளந்துகொண்டே போகும். நார் மெலிய மெலிய கண்ணுக்குத் தெரியாத இழையாகும். நுண்ணோக்கியில் நாங்கள் எண்ணுவது மூன்று மைக்ரானுக்கும் மெல்லிய இழைகளை. காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சில் போனால் நுரையீரலின் அடிவரைக்கும் போகும். உடம்பால் அதைக் கரைக்க முடியாது. கல்நார் நுரையீரல் நோய், நுரையீரல் புற்று, நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்று இவையெல்லாம் அதனால் வருபவை. இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து வரும். பிரிட்டனில் மீசோதீலியோமாவால் மட்டும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இறக்கிறார்கள். பெரும்பாலும் 1980-க்கு முன்னால் சுவாசித்த தூசி.

நீலம், பழுப்பு, வெள்ளை என்று மூன்று வகையைத்தான் உலகம் அதிகம் பயன்படுத்தியது. நம் ஊர்க் கூரை ஷீட்டில் இருப்பது வெள்ளை. வெள்ளை ஒன்றும் செய்யாது என்று வியாபாரம் செய்பவர்கள் சொல்வதுண்டு. மற்ற இரண்டைவிட அதன் வீரியம் குறைவு என்பது உண்மை. ஒன்றும் செய்யாது என்பது உண்மை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகையையும் புற்று உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

இதில் பள்ளிக்கூடத்துக்கு என்ன தனி முக்கியத்துவம்? நோய் வர நாற்பது வருடம் ஆகும் என்றால், அறுபது வயதில் சுவாசித்தவருக்கு அந்த நாற்பது வருடம் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் நிபுணர் குழு ஒன்று 2013-இல் கணக்கிட்டுச் சொன்னது: ஒரே அளவு தூசிதான் என்றாலும், முப்பது வயதில் முதலில் சுவாசித்தவரைவிட ஐந்து வயதில் சுவாசித்த பிள்ளைக்கு வாழ்நாளில் மீசோதீலியோமா வரும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு.

இனி அங்கே எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

நாட்டிங்ஹாம்ஷயர் பக்கம் நிலக்கரிச் சுரங்கம் அதிகம். பூமிக்கடியில் தோண்டியதால் மேலே தரை இறங்கும். செங்கல் கட்டடம் விரிசல் விடும். அதனால் 1957-இல் அங்கிருந்த உள்ளாட்சிகள் சில கூட்டுச் சேர்ந்து, தரையோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும் இரும்புச் சட்டக் கட்டட முறை ஒன்றை ஏற்படுத்தின. கிளாஸ்ப் என்று பெயர். மலிவு, சீக்கிரம் முடியும். நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள் இந்த முறையில் எழும்பின. ஸ்ட்ரக்சுரல் சார் இங்கே இருக்கிறார், அவருக்குத் தெரியும், இரும்புத் தூண் தீயில் சூடானால் வலுவிழந்து வளைந்துவிடும். அதனால் தூணைச் சுற்றிக் கல்நார்ப் பலகையைப் பொருத்தினார்கள். பழுப்பு வகை. பிள்ளைகளைத் தீயிலிருந்து காப்பாற்றத்தான் போட்டார்கள். அதை மறக்கக் கூடாது. பின்னால் அதே பலகையில்தான் டீச்சர்கள் டிராயிங் பின் குத்தி ஓவியம் மாட்டினார்கள். பந்து பட்டது. கதவை ஓங்கிச் சாத்தினாலே, தூணை இடித்தாலே, உள்ளிருந்து இழை வெளியே வரலாம் என்று 2006-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

நீலத்தையும் பழுப்பையும் 1985-இல் தடை செய்தார்கள். வெள்ளையை 1999-இல். ஆகவே 2000-க்கு முன் கட்டிய எந்தக் கட்டடத்திலும் கல்நார் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் கை வைப்போம். இப்போது நடைமுறையில் இருப்பது 2012-ஆம் ஆண்டின் ஆஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாட்டு விதிகள். இங்கே உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கக் கூடிய ஒன்று, அந்த விதிகள் "எடுத்துவிடு" என்று சொல்லவில்லை. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடி, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுது, அந்தப் பதிவேட்டைக் கட்டடத்தில் வைத்திரு, டிரில்லைக் கையில் எடுக்கும் எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் முதலில் அதைக் காட்டு. நல்ல நிலையில் இருந்தால் தொடாதே. கெட்டிருந்தால், அல்லது அந்த இடத்தில் வேலை செய்யப் போகிறாய் என்றால், முறைப்படி எடு. பள்ளியின் பராமரிப்புக்கு யார் பொறுப்போ அவர் தலையில் இந்தக் கடமை விழும். அது உள்ளாட்சியாக இருக்கலாம், அறக்கட்டளையாக இருக்கலாம், நிர்வாகக் குழுவாக இருக்கலாம்.

இது போதுமா என்று அங்கேயே சண்டை இருக்கிறது. 2022-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று, பொதுக் கட்டடங்களிலும் வணிகக் கட்டடங்களிலும் இருக்கும் எல்லாக் கல்நாரையும் நாற்பது வருடத்துக்குள் எடுத்துவிடக் கெடு வைக்கச் சொன்னது. அரசு கெடுவை ஏற்கவில்லை. அவசரப்பட்டு எடுத்தால் அதனாலேயே தூசி கிளம்பும் என்பது அரசின் வாதம். பாதி நியாயம். நான் சம்மட்டி பார்த்தவன், எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் எந்தப் பொருளும் நாற்பது வருடம் "நல்ல நிலையில்" இருக்காது என்பது மீதிப் பாதி. பள்ளிக்கூடம் என்று வந்தால் நான் எடுக்கிற கட்சி.

எடுப்பது எப்படி? ஒரு வேலையைச் சொல்கிறேன். கிளாஸ்ப் முறையில் கட்டிய ஓர் உயர்நிலைப் பள்ளி. அறிவியல் பிரிவின் நடைவழியில் பதினான்கு தூண். கோடை விடுமுறை ஆறு வாரம். ஆறு வாரம் தாராளம் என்று தோன்றும். ஆனால் வேலை விடுமுறையில் தொடங்குவதில்லை. பல மாதம் முன்பே சர்வே. சாதாரண சர்வே போதாது, பலகையைத் திறந்து, சுவரைக் குடைந்து, மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் முழு சர்வே. அப்புறம் இந்தத் தூணுக்கு இந்த வழிமுறை என்று எழுத்தில் வேலைத் திட்டம். இந்தப் பலகையைத் தொட லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இருந்தாலும், வேலை தொடங்குவதற்குப் பதினான்கு நாள் முன்னதாக அரசின் பாதுகாப்பு அமலாக்கத் துறைக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர்கள் முன்னறிவிப்பில்லாமல் வந்து நிற்பார்கள்.

நடைவழி முழுவதையும் ஆயிரம் கேஜ் பாலிதீனால் கூடாரம் மாதிரி மூடுவோம். உள்ளே போக மூன்று தடுப்பு கொண்ட வாசல். ஒரு பக்கம் விசிறி, நுண் வடிகட்டியோடு. அது உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வடிகட்டி வெளியே விடும். மணிக்கு எட்டு முறையாவது உள்ளே இருக்கும் காற்று முழுக்க மாற வேண்டும். உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால், எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே வருமே தவிர, உள் தூசி வெளியே போகாது. இதை நம்பிவிட மாட்டார்கள். விசிறியை நிறுத்திவிட்டு உள்ளே புகை விட்டு, எங்கே கசிகிறது என்று சுற்றிச் சுற்றி வந்து பார்ப்போம். முதல் முறை புகை கசியாத கூடாரத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வேலை ஆட்களுக்குக் காகித மாதிரி ஒரு முழு உடுப்பு. முகம் முழுக்க மூடும் மாஸ்க், மோட்டார் வைத்தது. மாஸ்க் முகத்தில் பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சோதனை உண்டு. தாடி கூடாது. ஒரு நாள் முள் தாடிகூடக் கூடாது. கார்த்திகை மாதம் மாலை போட்டுக்கொண்டால் அந்த மண்டலம் முழுக்க எனக்கு ஆபீஸ் வேலைதான். வெளியே வரும்போது உடுப்பைக் கழற்றி, மாஸ்க்கோடு ஷவரில் நின்று, குளித்துவிட்டுத்தான் டீ. அழுக்கு அறை, குளியல், சுத்த அறை என்று மூன்று பகுதியாக ஒரு வண்டி சைட்டில் நிற்கும். அம்மாவுக்கு இதைப் போனில் விளக்கியபோது, "சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தா தண்ணி ஊத்திக்கிட்டுத்தான உள்ள வருவோம், அது மாதிரியா?" என்றார்கள். இதைவிட நன்றாக நான் யாருக்கும் விளக்கியதில்லை.

பலகையை உடைப்பதில்லை. முதலில் நனைப்போம், சோப்புத் தன்மையுள்ள ஒரு திரவம் கலந்த தண்ணீரால். வெறும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், இது ஊறி இறங்கும். திருகாணி ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். கழற்றும் இடத்திலேயே உறிஞ்சு குழாயைப் பக்கத்தில் பிடித்திருக்க ஓர் ஆள். முழுப் பலகையாக இறக்கி, முழுசாகவே சுற்றி, இரண்டு உறையில் போட்டு, எச்சரிக்கை ஒட்டி, கணக்கெழுதி, அதற்கென்று அனுமதி பெற்ற புதைகளத்துக்கு அனுப்புவோம். துடைப்பத்துக்கு உள்ளே இடமே இல்லை. ஈரத்துணியும் தனி வடிகட்டி வைத்த வாக்குவமும்தான். 2010-இல் மேஸ்திரி ஒரு நாளில் இறக்கிய பரப்பை நாங்கள் அங்கே மூன்று வாரத்தில் இறக்கினோம்.

இத்தனையும் செய்த பிறகு, வேலை முடிந்தது என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. இந்தப் பேச்சில் ஒன்றே ஒன்றை நீங்கள் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றால் அது இதுதான். எங்களோடு சம்பந்தமில்லாத ஓர் ஆய்வாளர் வருவார். பள்ளிதான் அவருக்குச் சம்பளம் கொடுக்கும், காண்ட்ராக்டர் இல்லை. அப்படி இருப்பதே நல்லது என்று வழிகாட்டி நூலும் சொல்கிறது. அவர் நான்கு கட்டமாகப் பார்ப்பார். திட்டத்தில் சொன்ன வேலை எல்லாம் முடிந்ததா என்பது முதலாவது. கூடாரத்துக்குள் அவரும் மாஸ்க் போட்டு வந்து, டார்ச்சோடு ஒவ்வோர் அங்குலமாகப் பார்ப்பது இரண்டாவது. காற்றுப் பரிசோதனை மூன்றாவது. கூடாரத்தைப் பிரித்தபின் மறுபடி ஒரு பார்வை நான்காவது. அதன்பிறகுதான் சான்றிதழ்.

அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா. செவ்வாய்க்கிழமை பள்ளி திறப்பு. மூன்றாவது தூணின் அடியில், இரும்புத் தகட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே, டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். குருணை அரிசி அளவில் சாம்பல் நிறமாக ஒரு துணுக்கு. சரி, துடைத்துவிடலாம் என்று சூப்பர்வைசர் குனிந்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அடுத்த மூன்று தூணின் அடியையும் பார்த்தார். எல்லாவற்றிலும் இருந்தது. "நீங்கள் தூணைத் துடைத்திருக்கிறீர்கள், பாதத்தைத் துடைக்கவில்லை. பதினான்கையும் செய்துவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி, ஃபெயில் என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பள்ளித் தலைமையாசிரியர் வந்தார். நல்ல மனிதர். பெற்றோருக்குக் கடிதம் போய்விட்டது, திறக்காவிட்டால் எண்ணூறு பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று ஏறக்குறையக் கெஞ்சினார். எங்கள் கம்பெனியிலிருந்தும் போன். அந்த அம்மா யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. நாளை எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் வருகிறேன், ஆனால் சுத்தமாக இருந்தால்தான் கையெழுத்து என்றார். அன்று இரவு பதினோரு மணிவரை மண்டியிட்டுப் பதினான்கு தூண் பாதங்களையும் பிரஷ்ஷாலும் ஈரத்துணியாலும் சுத்தம் செய்தோம். முழங்கால் வலியோடு எனக்கு ஹெச்.எம்.மும் துடைப்பமும்தான் ஞாபகம். அன்று அங்கே நான் நின்ற இடத்தில் இப்படி ஓர் ஆள் வந்து நின்றிருந்தால்?

சனிக்கிழமை பாஸ் ஆனது. காற்றுப் பரிசோதனையிலும் ஒரு விசேஷம் இருக்கிறது. நம் ஊரில் சோதனை என்றால் எதையும் அசைக்காமல் அமைதியாக வைத்துப் பார்ப்போம், ரிசல்ட் நன்றாக வரட்டும் என்று. அங்கே வேண்டுமென்றே பிரஷ்ஷால் தரையையும் சுவரையும் தட்டித் தூசி கிளப்பிவிட்டு, அந்தக் காற்றைப் பம்பு வைத்து ஒரு மாதிரிக்கு 480 லிட்டர் உறிஞ்சுகிறார்கள். பிள்ளைகள் திரும்பி வந்து ஓடப்போவது அந்த நடைவழியில்தானே. வடிதாளை நுண்ணோக்கியில் வைத்து இழையை எண்ணினால், ஒரு மில்லிலிட்டர் காற்றுக்கு 0.01 இழைக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு டம்ளர் காற்றில் இரண்டு இழைக்கும் குறைவு. செவ்வாய்க்கிழமை பள்ளி திறந்தது.

"அது சரி தம்பி, அங்க பணம் இருக்கு, நம்ம ஊருக்கு இதெல்லாம் ஆகுமா?" என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் முகத்தில் தெரிகிறது.

2004 ஜூலை 16 கும்பகோணத்தில் பள்ளிக் கூரை எரிந்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதன்பின் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரை இறங்கியது. இறங்க வேண்டியதுதான். பல இடங்களில் அதற்குப் பதிலாக ஏறியது கல்நார் சிமெண்ட் ஷீட். எரியாது, மலிவு, ஒரே வாரத்தில் போட்டுவிடலாம். நாட்டிங்ஹாம்ஷயரில் தூணைச் சுற்றிப் பலகை அடித்தவர்கள் நினைத்ததும் இதேதான். அந்த நேரத்தில் அவசரமாகக் கூரை மாற்றிய எந்த ஹெச்.எம்.மையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஷீட்டுகளுக்கு இப்போது இருபது வயது. விரிசல் விட்டு, ஓட்டை விழுந்து, ஒவ்வொன்றாக மாற்றுகிற காலம் இதுதான். என்னை மாதிரி ஒரு இருபத்திரண்டு வயதுப் பையனிடம் ஒரு மேஸ்திரி கேட்கப்போகிற காலம்.

ஒரு நல்ல சேதி உண்டு. நான் மேலே சொன்ன கூடாரமும் விசிறியும் நம் கூரை ஷீட்டுக்குத் தேவையில்லை. தூண் பலகை மிருதுவானது, இழை சுலபமாக வெளியே வரும். நம் ஷீட்டில் கல்நார் பொதுவாகப் பத்துப் பதினைந்து சதவீதம், மீதி சிமெண்ட், கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கிலாந்திலேயே நல்ல நிலையிலிருக்கும் சிமெண்ட் ஷீட்டை முழுசாக இறக்க லைசென்ஸ் கேட்பதில்லை. பயிற்சியும் முறையும்தான் கேட்கிறார்கள். அந்த முறைக்கு வேண்டியது தண்ணீர், பாலிதீன், கயிறு, நல்ல மாஸ்க், கொஞ்சம் பொறுமை. பிள்ளைகள் இல்லாத விடுமுறையாகப் பார்க்க வேண்டும். ஷீட்டைக் கைத்தெளிப்பானால் நனைக்க வேண்டும், பீய்ச்சி அடித்துக் கழுவக் கூடாது, பாசியைச் சுரண்டக் கூடாது. துருப்பிடித்த ஜே போல்ட்டைத் திருகி நேரம் கழிக்க வேண்டாம். போல்ட்டைத்தான் வெட்ட வேண்டும், ஷீட்டை இல்லை. ஷீட்டின் மேல் யாரும் ஏறவே கூடாது. கீழிருந்து சாரம் கட்டித்தான் வேலை. கல்நார் கொல்ல நாற்பது வருடம் ஆகும், பழைய ஷீட் உடைந்து விழுந்தால் அன்றைக்கே முடிந்துவிடும். இறக்கிய ஷீட்டை வீசாமல் இரண்டு பேர் கைமாற்றிக் கீழே வாங்க வேண்டும். பாலிதீனில் சுற்ற வேண்டும். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் துவைக்கக் கொடுக்கக் கூடாது. இது ரொம்ப முக்கியம். அப்படித் துவைத்தே நோய் வந்த பெண்கள் உலகமெங்கும் உண்டு.

நமக்குச் சட்டம் இல்லையா என்றால், துண்டு துண்டாக இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியிலேயே கல்நார்த் தொழிலாளர் வழக்கில், ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும் குறைந்தது நாற்பது வருடம் வைத்திருக்க உத்தரவிட்டது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் கழித்துப்போட்ட கல்நார் இடம்பெற்றிருக்கிறது, தொழிற்சாலைக் கழிவு என்ற தலைப்பின் கீழ். கல்நார்க் கழிவை எப்படி அப்புறப்படுத்துவது என்று ஐ.எஸ். 11768 என்றே ஒரு தர நிர்ணயம் உண்டு. இங்கே இருக்கும் சிவில் மாணவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? நான் படித்தபோது பார்க்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுப் புதைகளமும் இருக்கிறது. ஆனால் ஒரு கிராமப் பள்ளிக் கூரையை இறக்கும்போது முதலில் சர்வே செய், பிறகு இறக்கு, மூன்றாவது ஆள் வந்து பார்த்தபின் பிள்ளைகளை விடு என்று வரிசையாகச் சொல்லி, கையெழுத்து வாங்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. ஷீட் செய்வதும் விற்பதும் இங்கே தடையும் செய்யப்படவில்லை. ஆக இப்போதைக்கு எஸ்டிமேட் போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. "பழைய கூரை அகற்றுதல்" என்று ஒரே வரியாகப் போடாமல், நனைத்தல், முழுசாக இறக்குதல், சுற்றுதல், அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்புதல் என்று தனித்தனி ஐட்டமாகப் போட்டால் காண்ட்ராக்டர் செய்வார். அவர் கெட்டவர் இல்லை. பணம் ஒதுக்காத வேலையை யாரும் செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, கழிவை எங்கே அனுப்புவது என்று கேட்டு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

கடைசியாக ஒன்று. இன்று காலை நம் பட்டறைப் பக்கம் போனேன். ஃபிட்டிங் செக்‌ஷன் கூரை நாங்கள் படித்த காலத்து ஷீட்தான். சிலது நன்றாக இருக்கிறது, சிலது இல்லை. எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்று நான் இப்போது சொல்லப் போவதில்லை. முதலில் ஒரு நோட்டில் எழுதலாம். நாளை ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பட்டறை வாசலில் நிற்பேன். விருப்பமுள்ள தம்பி தங்கைகள் வரலாம். ஏணி கொண்டுவர வேண்டாம், யாரும் மேலே ஏறப்போவதில்லை. ஒரு நோட்டு, பேனா, முடிந்தால் பைனாகுலர். வணக்கம்.

பின்குறிப்பு: மறுநாள் ஆறு பேர் வந்தார்கள், அதில் நான்கு பேர் மாணவிகள். கீழே நின்றே 184 ஷீட் எண்ணினோம். விரிசல் விட்டவை 23. ஒயர் இழுக்கவும் புகைக்குழாய்க்கும் துளை போட்டவை 9. கொல்லுப் பட்டறைக்குப் பின்னால் உடைந்த துண்டுகள் ஒரு குவியலாக இருப்பதை ஸ்டோர் கீப்பர் காட்டினார். அதைத் தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டினோம். நோட்டின் முதல் பக்கத்தில் முதல்வர் கையெழுத்திட்டார். இப்போது அது பட்டறை சூப்பரின்டெண்ட் மேஜையில் இருக்கிறது. போன மாதம் புது லைட் போட ஷீட்டில் துளை போட வந்த எலெக்ட்ரீஷியனிடம் அதைக் காட்டினார்களாம். அவர் படித்துப் பார்த்துவிட்டு, இரும்புச் சட்டத்திலேயே கிளாம்ப் போட்டு லைட்டை மாட்டிவிட்டுப் போனதாக அந்த மாணவிகளில் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்.